கேட்டால் விரலைத் தூக்கவும்

திங்கள் முதல் சனி வரை
தேவகோட்டை ராம்நகரில் ஒரு சின்ன அறை.
சத்தம் நுழையாத சுவர், நடுவில் கண்ணாடி.
அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியவர்
பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.
"கேட்டா விரலைத் தூக்குங்க.
ரொம்ப லேசாக் கேட்டாலும் தூக்குங்க."
ஒரு நாளில் இருபது தடவை சொல்கிறேன்.
சில இரவுகளில் தூக்கத்திலும் சொல்கிறேனாம்.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு
நாலே முக்கால் பஸ்ஸில்
திருவாடானைவரை தூங்கினேன்.
பிறகு ஜன்னல் கம்பி பிசுபிசுத்தது.
தொண்டி.

நைனா முகம்மதுவின் வல்லத்தில் நாலு பேர்.
பிரிட்டோவுக்கு நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை,
இருந்தும் பென்சில் இரண்டைக் கூராகச் சீவி வந்திருந்தான்.
சிகப்பி காரைக்குடியில் கடல் ஆய்வு செய்கிறாள்.
கடல் அவளுக்கு ஆகாது,
கரை மறையும் முன்பே எலுமிச்சம்பழத்தை
மூக்கில் வைத்துக்கொண்டாள்.
நான் ஆள் போதவில்லை என்று வந்தவள்.

முதலில் ஆலாக்கள்.
தலை வாராமல் பள்ளிக்கு ஓடும் பையன்போல்
கொண்டை சிலிர்த்த பெரிய ஆலா
காற்றில் ஒரு நொடி யோசித்தது,
அப்புறம் யோசனையை விட்டுவிட்டுத் தலைகீழாக விழுந்தது.
பதினேழு, என்றேன். பத்தொன்பது, என்றான் பிரிட்டோ.
பதினெட்டு என்று எழுதினோம்.

பழுப்புத்தலைக் கடற்காகம் என்று புத்தகத்தில் பார்த்திருந்தேன்.
வந்து இறங்கியதற்குத் தலை வெள்ளையாக இருந்தது.
குளிர்காலத்தில் நிறம் உதிர்ந்துவிடுமாம்,
காதோரம் மட்டும் ஒரு மைப்பொட்டு மிஞ்சும்.
பனிமலை தாண்டி வந்த பறவைக்கு
யாரோ திருஷ்டி கழித்து அனுப்பியதுபோல.
அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில்
எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஒன்பதரைக்கு ஓங்கல்கள்.
மூன்று முதுகுகள், ஒன்றன்பின் ஒன்றாக,
தண்ணீரைத் தைத்துக்கொண்டே போயின.
கடைசியின் துடுப்பில் வலை அறுத்த வெட்டு.
சிகப்பி எலுமிச்சம்பழத்தை மறந்து எழுந்து நின்றாள்,
படம் எடுத்தாள்,
உடனே குனிந்து கடலுக்குக் காலை இட்லியைக் கொடுத்தாள்.

கடற்புல் திட்டின் மேல்
நைனா முகம்மது என்ஜினை நிறுத்தினார்.
கொறித்துத் துப்பியதுபோல் புல் துணுக்குகள் மிதந்தன.
"ஆவுளியா மேஞ்சிருக்கும்," என்றார்,
"இல்லாட்டி இழுவை வலை."

நாங்கள் நாலு திசையும் பார்த்தோம்.
பிரிட்டோ பைனாகுலரை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை.
தண்ணீர் எண்ணெய் தடவிய தகடாகக் கிடந்தது.

அப்போது இடப்பக்கம், எனக்குச் சற்றுப் பின்னால்,
ஒரு மூச்சு.
நீரிலிருந்து மூக்கை மட்டும் எடுத்து
ரகசியமாக விட்டு
உடனே இழுத்து மூடிக்கொண்டது.
என் விரல் தானாக எழுந்துவிட்டது.

"எங்க?"
"தெரியல. கேட்டுச்சு."
"பாத்தீங்களா?"
"கேட்டுச்சு."

நைனா முகம்மது என் விரலைப் பார்த்தார்.
இருபத்தாறு வருஷம் என்ஜினுக்குப் பக்கத்தில் அவர் வலது காது.
சோதிக்காமலே எனக்குத் தெரியும்,
வரைபடத்தில் கோடு எங்கே பள்ளத்தில் விழும் என்று.
அவர் இடது காதைக் கடலுக்குத் திருப்பினார்.
நாலு பேரும் அரைமணி நேரம் பேசவில்லை.
மேகம் ஒன்று எங்கள் மேல் நின்று, நகர்ந்தது.

தாளில் கட்டங்கள்: இனம், எண்ணிக்கை, தூரம், திசை.
கேட்டதற்குக் கட்டம் கிடையாது.
ஆவுளியா என்ற வரியில் பிரிட்டோ சுழியம் போட்டான்.
ரொம்ப மெதுவாகப் போட்டான்,
பென்சில் முனை முடியும் இடத்தில் ஒட்டவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு
கண்டனூர் அரிசி ஆலைக்காரர் ஒருவர்.
இரண்டாயிரம் ஹெர்ட்ஸில் நிறுத்தி
கோப்பில் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
பொத்தானை நான் தொடவேயில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடியபடி
விரலைத் தூக்கினார்.

தப்பு பதில். சிவப்பில் குறிக்க வேண்டும்.
பேனா மூடியைத் திறந்தேன்.
அவர் விரலை இறக்கவில்லை.
கொஞ்ச நேரம் நானும்
அவர் எதைக் கேட்கிறாரோ அதற்காக
அசையாமல் இருந்தேன்.